இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி

பேராசிரியர் அப்திபெகோவ் கார்க் கண்ணாடியைப்
பாதி இறக்கிச் சொன்னார்:
"பரிந்துரைக் கடிதமா?
நீயே எழுதிக்கொண்டு வா, கனிஷாய்.
கையெழுத்துதானே, போட்டுத் தருகிறேன்."

அன்றிரவு நான்
ஐம்பத்தெட்டு வயது ஆணானேன்.
நீரியல் துறைத் தலைவர்.
மீசை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு.
நாற்காலியில் சாய்ந்து
கனிஷாய் என்றொரு மாணவியை
நினைவுபடுத்திப் பார்த்தேன்.
முதல் வரிசையில் உட்காருவாளே, அவளா?
இல்லை, ஜன்னலோரம்.
அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

புகழ்ச்சி வரவில்லை.
"கடின உழைப்பாளி" என்று எழுதினால்
கழுதைக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.
"அடக்கமானவர்."
அடித்தேன்.
பையன்களின் கடிதத்தில் அதை யாரும் எழுதுவதில்லை.
கடைசியில் நடந்ததை எழுதினேன்:
பிப்ரவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
பனியாற்றின் மேலிருந்த வானிலைக் கருவி
செத்துக்கொண்டிருந்தது.
புது பேட்டரியைச் சட்டைக்குள் வைத்து
உடம்புச் சூட்டிலேயே மேலே கொண்டுபோய்
மாற்றியவர் இம்மாணவர்.
கையுறையோடு திருகாணி பிடிபடாது.
இரண்டு விரல் நுனிகளில் இன்னும் உணர்வில்லை.
நாற்பத்தொரு நாள் தரவு பிழைத்தது.

இன்னும் என்னென்னவோ கேட்டார்கள்.
மதிப்பெண் பட்டியலுக்கு நோட்டரி முத்திரை.
ஆங்கிலத் தேர்வுக்கு இரண்டு மாதச் சம்பளம்.
நாரினிலிருந்து தொலோன் கணவாய் தாண்டி
பிஷ்கெக் தேர்வு மையத்துக்கு மர்ஷ்ருத்கா வேன்;
வழியெல்லாம் யாரோ பெற்ற குழந்தை
என் மடியில் வாந்தி.
கல்யாணமாகிவிட்டதா என்று
படிவம் கேட்கவில்லை.
நோட்டரி கேட்டார்.

கடிதத்தை எங்கள் கிர்கிஸில்தான் எழுதியிருந்தேன்.
அதில் அவன் கிடையாது, அவள் கிடையாது.
அல்.
அவ்வளவுதான்.
குதிரைக்காரனும் அல், மேகமும் அல், நானும் அல்.
மொழிபெயர்ப்பு எந்திரத்தில் போட்டேன்.
ஆங்கிலமாய் வெளியே வந்தவன்
ஓர் இளைஞன்.
அவன் மலையேறினான். அவன் கணக்குப் போட்டான்.
அவன் நாற்பத்தொரு நாள் தரவை மீட்டான்.
முகாமில் எல்லோருக்கும் சூப் வைத்தது மட்டும்
அவள்.

உதவித்தொகையோ பெண்களுக்கு.
ஒவ்வொருவனாகத் தேடிப் பிடித்து
அவளாக்கினேன், பதினேழு பேர்.
சூப்பை எடுத்துவிட்டேன்.
கார் கூரைமேல் தாளை வைத்து
படிக்காமலே கையெழுத்திட்டார் அப்திபெகோவ்.

முதல் வருடம் பதிலே இல்லை.
இரண்டாம் வருடம் அதே கடிதம், புதுத் தேதி.
நேர்காணல். திரையில் மூன்று முகங்கள்.
இணையம் தீர்ந்துவிடுமென்று
அக்கா பையனின் கார்ட்டூனை நிறுத்தியிருந்தோம்;
சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுகை.
நடுவில் இருந்த டாக்டர் ஹில்டெகுண்ட்
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி.
பேட்டரியை மாற்றிய அந்த இளைஞர் யார்?
அவரோடு எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள்?"

பதினெட்டாவது ஆள்.
என் கண்ணுக்குத் தப்பியவன்.

எந்திரம், எங்கள் மொழி, கார் கூரை,
கடிதத்தை எழுதிய கை.
எந்த நூலை இழுத்தாலும்
மொத்தமும் பிரிந்துவிடும்.
வலது கையைத் தூக்கி
கேமராவுக்குக் கிட்டத்தில் காட்டினேன்.
மெழுகு மாதிரி வெளுத்த இரண்டு நுனிகள்
மூன்று முகங்களையும் மறைத்திருக்க வேண்டும்.
"பிறந்ததிலிருந்தே அவரோடுதான் இருக்கிறேன்."

கொஞ்ச நேரம்
யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
ஒருவர் மட்டும் இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம்.

ஜூலையில் மின்னஞ்சல்: கிடைத்துவிட்டது.
விமானச் சீட்டு இதில் அடங்காது என்பது
நான்காம் பத்தியில்.
அக்காவின் தையல் மெஷினை விற்பதா வேண்டாமா என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.
அப்திபெகோவ் துறை வாசலில்
என் படத்தை ஒட்டியிருக்கிறார்.
கீழே: நான் உருவாக்கிய மாணவர்.
படத்தில் கையுறை போட்டிருக்கிறேன்.